30,000 ராண்டில் ஒரு பழைய ஹைலக்ஸ்: முந்தைய பழுதுபார்ப்புகளை அவிழ்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, 1995-இல் முதன்முதலாகப் பதிவான, ஒற்றைக் கேபினும் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி. பிக்கப் என்று மற்ற நாடுகளில் சொல்லப்படும் வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் பக்கி என்றே சொல்கிறோம். டர்பனுக்கு வடக்கே தொங்காட் பகுதியில் காய்கறி பயிரிட்டு, கிளேர்வுட் மொத்தச் சந்தைக்கும் சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் கொண்டு சேர்க்கும் ஒரு குடும்பத்துக்கு அது சொந்தம். வண்டியை வாங்கியவர் காலமாகி, இப்போது மகன் ஓட்டுகிறார். அவர் கையில் இருந்தது 30,000 ராண்ட். எங்கள் பட்டறைக்கு வருமுன், வேறொரு பட்டறையில் எஞ்சின் போய்விட்டதென்றும், ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய எஞ்சின் ஒன்றை மாற்றித் தர 24,000 ராண்ட் ஆகுமென்றும் சொல்லியிருந்தார்கள். மீதிப் பணத்தில் வண்டிக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

எஞ்சினை மாற்றவில்லை, பெயிண்டும் அடிக்கவில்லை. ஆனால் வண்டி சான்று பெற்றுச் சாலைக்கு வந்தது, பணமும் எல்லைக்குள் நின்றது. அது எப்படி என்பதை வரிசையாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. முப்பது ஆண்டு ஓடிய ஒரு பக்கியில் நாம் காணும் கோளாறுகளில் பெரும்பகுதி வயதால் வந்தவை அல்ல. ஒவ்வொரு முறையும் அறிகுறியை மட்டும் அடக்குவதற்காகச் செய்யப்பட்ட மலிவான பழுதுபார்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உண்டாக்கியவை. அதனால் புதுப் பாகம் வாங்குவதற்கு முன், முந்தைய மெக்கானிக் என்ன செய்தார் என்று கண்டுபிடித்து அதை அவிழ்ப்பதே பணத்தை மிச்சப்படுத்தும் முதல் வேலை. இந்த வண்டி அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

இந்த வண்டிக்குச் செலவழிக்கலாமா என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிட வேண்டும். ஹைலக்ஸ் டர்பனுக்குத் தெற்கே புரோஸ்பெக்டனில் உள்ள தொழிற்சாலையில் உருவாகிறது என்பதால் இந்த மாகாணத்தில் அதன் பாகங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. இந்த வண்டியின் 4ஒய் எஞ்சின் 2,237 சிசி கொள்ளளவு கொண்டது. வார்ப்பிரும்புப் பிளாக், புஷ்ராடு, டைமிங் செயின், கார்புரேட்டர் என எல்லாமே கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யக்கூடியவை. அதே குடும்பத்து எஞ்சின்கள் பழைய ஹைஏஸ் மினிபஸ்களிலும் போர்க்லிப்டுகளிலும் ஓடியதால், கேஸ்கட் முதல் வாட்டர் பம்ப் வரை எதையும் சாதாரண ஸ்பேர்ஸ் கடையிலேயே வாங்கலாம். சென்சார் நிறைந்த புது வண்டிக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே வண்டியின் அடிச்சட்டம் (சேஸி) மீட்கும் நிலையில் இருந்தால் செலவழிக்கலாம், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும் என்று முதலிலேயே பேசி முடிவுசெய்தோம்.

எஞ்சின் மீது சுமத்தப்பட்ட பழி

உரிமையாளர் சொன்ன புகார்கள் மூன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது. எண்ட்வெட்வே பக்கத்து மேட்டில் சுமையோடு ஏறும்போது சூடு ஏறுகிறது. பெட்ரோல் கணக்கில்லாமல் குடிக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கேட்டால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் புகை எப்போது வருகிறது என்று தனியாகக் கேட்டபோது படம் மாறியது. இரவு முழுதும் நின்ற வண்டியில் முதல் சில வினாடிகளும், நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி மறுபடி மிதிக்கும்போதும் மட்டுமே புகை வந்தது, மேடேறும்போது வரவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் சுமை ஏற ஏறப் புகையும் கூட வேண்டும். வால்வுத் தண்டின் ரப்பர் சீல் இறுகிப்போனால்தான், நிற்கும்போது எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியும், இறக்கத்தில் இன்டேக்கின் உறிஞ்சும் விசையால் இழுபட்டும், இந்த விதமாக எரியும்.

ஊகத்தை நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது என்பதால் அளந்து பார்த்தோம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி எடுத்த கம்ப்ரஷன் அளவுகளில் நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு வேறுபாடுகூட இல்லை. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் வழியாக, எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறதா என்று பார்க்க, ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவக் குழாயை வைத்து அதன் வழியே ஆவியை இழுத்துப் பார்த்தோம். கேஸ்கட் கசிந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். மாறவில்லை. 24,000 ராண்ட் எஞ்சினுக்கான தேவை அந்த இடத்திலேயே தீர்ந்தது. எஞ்சின் மாற்றினால் காவல்துறை அனுமதிச் சான்று பெற்று, புது எஞ்சின் எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டிய வேலையும் கூடவே வந்திருக்கும். விலை சொல்லும் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சீல்களை மாற்ற ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தி, கிராங்கை ஸ்பேனரால் மெல்லச் சுற்றினால், மேலே வரும் பிஸ்டன் கயிற்றை வால்வுகளின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுகளை எடுத்தாலும் வால்வு கீழே விழாது. கழற்றி எடுத்த பழைய சீல்கள் விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல ஒடிந்தன. அவற்றின் விலை, ஒரு தடவை எண்ணெய் மாற்றும் செலவைவிடக் குறைவு.

சூட்டின் கதை வேறு. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செம்மண் கரைத்தது போன்ற தண்ணீர்; கூலன்ட் ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே பல ஆண்டுகள் ஓடியிருக்கிறது. எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. சூடு ஏறுகிறது என்று முன்பு யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் சூடு குறையும் என்பது எங்கள் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் அடைபட்ட ரேடியேட்டரின் வழியே எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஓடினாலும், வெப்பம் வெளியேறும் பரப்பு கூடப்போவதில்லை. மேட்டில் சூடு ஏறத்தான் செய்யும். சமவெளியிலோ எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை எட்டாமலே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து, எண்ணெயில் ஈரத்தைச் சேர்க்கும். உரிமையாளரின் மூன்றாவது புகாருக்கு இதுவே பாதி விடை. மீதிப் பாதி, அழுக்கேறிய கார்புரேட்டரும் அடைத்த ஏர் பில்டரும்.

ரேடியேட்டரை இறக்கியபோது அதன் கீழ் மூன்றில் ஒரு பங்கு, கரும்புக்காட்டுப் பாதையின் புழுதியும் சோகைத் துணுக்குகளும் எரித்த வயலின் சாம்பலும் சேர்ந்து கெட்டியாக அடைந்திருந்தது. பித்தளைத் தொட்டி கொண்ட பழைய வகை என்பதால், புதிது வாங்காமல் ரேடியேட்டர் கடையில் கொடுத்து உள்கூட்டை மட்டும் மாற்ற முடிந்தது. பிளாஸ்டிக் தொட்டியாக இருந்திருந்தால் இந்த வழி இல்லை. சூட்டுக்கு ஏற்ப விசிறியை எஞ்சினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங், சூடான எஞ்சினை நிறுத்திய கணமே விரலால் தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது. நல்ல கப்ளிங் அந்தச் சூட்டில் இறுகி நிற்க வேண்டும். அதையும், குழாய்களையும், தெர்மோஸ்டாட்டையும், மூடியையும் மாற்றினோம். மூடியை அற்பமாக நினைக்க வேண்டாம். 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி, தண்ணீர் கொதிக்கும் நிலையை 118 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் 100 டிகிரியிலேயே தண்ணீர் பொங்கி வெளியேறும்.

பிரேக்கும் வில்பட்டையும்

இந்த வண்டியில் உண்மையான ஆபத்து பிரேக்கில் இருந்தது. உரிமையாளர் அதைப் புகாராகவே சொல்லவில்லை. கேட்டபோது, “பிரேக் போட்டா வலது பக்கம் கொஞ்சம் இழுக்கும் அண்ணா, பழகிப்போச்சு” என்றார். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலது பக்கம் இழுப்பது என்றால், எதிரே வரும் வண்டியை நோக்கி இழுக்கிறது என்று பொருள். இதற்காக முன்பு சக்கர அலைன்மென்ட் செய்திருக்கிறார்கள். பிரேக் போடும்போது மட்டும் இழுக்கும் கோளாறுக்கு அலைன்மென்ட் மருந்தாகாது. போதாததற்கு, ஸ்டீயரிங்கின் ஐட்லர் ஆர்ம் புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு எடுத்த அளவு பட்டறையை விட்டு வெளியே வந்ததுமே பொய்யாகியிருக்கும்.

முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தவுடன் காரணம் தெரிந்தது. வலப்பக்கப் பிரேக் பேடுகள் உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்க, இடப்பக்கத்தவை ஏறக்குறைய புதிதாக இருந்தன. பேடுகளை அழுத்தும் கேலிபரில், இடப்பக்கத்துப் பிஸ்டன்கள் துருப்பிடித்து இறுகி, வேலையே செய்யவில்லை. இரு பக்கமும் பிஸ்டன், சீல், பேடு, ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது பொய்யான சிக்கனம். பின் சக்கர டிரம்மைத் திறந்தபோது வீல் சிலிண்டர்கள் கசிந்து, ஷூக்கள் பிரேக் ஆயிலில் ஊறியிருந்தன.

இதற்குமேல் ஒன்று இருந்தது. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே அதுதான். ஹைலக்ஸின் பின் அச்சுக்கு மேலே, சட்டத்தில், சுமையறியும் வால்வு ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு வரும். வண்டியில் சுமை ஏறினால் சட்டம் தாழ்ந்து அச்சை நெருங்கும். கம்பி வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். வெறும் வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, அழுத்தம் குறைக்கப்படும். எளிய, அழகான ஏற்பாடு. இந்த வண்டியில் கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் இரண்டு வில்பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) யாரோ சேர்த்திருந்தார்கள். விளைவு, முழுச் சுமை ஏற்றினாலும் சட்டம் தாழவில்லை. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொண்டது. மிகுந்த சுமையோடு வரும்போதுதான் பின் பிரேக் மிகக் குறைவாகப் பிடித்தது. முழு வேலையும் முன்னால் இருந்த ஒரே ஒரு நல்ல கேலிபரின் தலையில் விழுந்தது. வலப்பக்கப் பேடுகள் மட்டும் அப்படித் தேய்ந்ததற்கும் இதுவே காரணம்.

கூடுதல் பட்டைகளை எடுத்துவிட்டு, வால்வைக் கழற்றிச் சுத்தம்செய்து, கம்பியின் நீளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது, அந்த வால்வில் காற்றை வெளியேற்றத் தனியாக ஒரு நிப்பிள் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை விட்டால் பெடல் கெட்டியாகாது. பட்டைகளை எடுக்க உரிமையாளருக்கு மனமில்லை. வண்டியின் தகட்டில் குறித்த எடைக்குமேல் ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு நடை போவதே வழி என்று சொன்னோம். அதைக் கேட்டு அவர் மகிழவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

துரு

கடலுக்கு அருகே ஓடும் வண்டிக்கு உப்புக்காற்று ஓயாத பகை. ஆனால் இங்கும் மனிதக் கை உதவியிருக்கிறது. சுமை ஏற்றும் பின்தட்டின் தரையில் துரு தெரிந்தபோது அதைச் சுரண்டி எடுக்காமல், மேலே கறுப்பு ரப்பர் பூச்சு அடித்து மூடியிருக்கிறார்கள். நல்ல தகட்டின் மேல் அந்தப் பூச்சு காப்பு; துருவின் மேல் அடித்தால் அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் மூடி. பூச்சை உரித்தபோது தரையின் முன்பகுதி சல்லடையாகக் கையோடு வந்தது.

சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடத்தில் ஓசை மந்தமாகும். வலப்பக்கப் பின் வில்பட்டையின் முன் தாங்கிக்கு அருகே ஓசை மாறியது. அந்த இடத்தில் சேறு தங்குவது வழக்கம். அதோடு, கூடுதல் பட்டைகளின் விறைப்பால் ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேரே அந்தத் தாங்கிக்கே போயிருக்கிறது. துருவை வெட்டி எடுத்து, நல்ல இரும்பு வரும் வரை அகற்றி, 4 மில்லிமீட்டர் தகட்டை இரு முனையும் கூர்ந்த வடிவில் வெட்டிப் பக்கவாட்டில் பற்றவைத்தோம். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் போட்டால் அந்தக் கோட்டிலேயே பிறகு விரிசல் விடும் என்பதால்தான் அந்தக் கூர்வடிவம். பெட்ரோல் தொட்டியை இறக்கிவிட்டு, பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிய பிறகே வெல்டிங். சட்டத்தில் பொறித்த எண் இருக்கும் பகுதியின் பக்கம் போகவே இல்லை. அந்த எண் சிதைந்தால் வண்டி காகிதத்தில் செத்துவிடும். கடைசியில் உட்குழிகளில் மெழுகு தெளித்து, அடைபட்டிருந்த வடிதுளைகளைத் திறந்துவிட்டோம். பின்தட்டின் தரைக்குப் புதுத் தகடு. வேறு அலங்காரம் ஒன்றுமில்லை.

பின் அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிபரன்ஷியலின் எண்ணெயை இறக்கியபோது அது பால்விட்ட காப்பி நிறத்தில் வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வண்டி அச்சு வரை தண்ணீரில் நின்றது என்று அப்போதுதான் சொன்னார்கள். சூடான அச்சு தண்ணீரில் திடீரென்று குளிர்ந்தால் மூச்சுத்துளை வழியே தண்ணீரை உள்ளிழுக்கும். நல்லவேளையாகப் பற்களிலும் பேரிங்குகளிலும் குழி விழவில்லை. எண்ணெய் மாற்றிச் சிறிது ஓட்டி, மறுபடி மாற்றியதோடு முடிந்தது. குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் வடகரையில் பழைய வண்டி வாங்குவோர், அந்த ஆண்டு அது எங்கே நின்றது என்று கேட்டுவிட்டே விலை பேசுவது நல்லது.

பணமும் காகிதமும்

துரு வேலைக்கும் வெல்டிங்குக்கும் 7,200 ராண்ட் ஆனது. நான்கு டயர்களுக்கு 6,000. முன்னால் பொருத்தியிருந்தவை பயணியர் காருக்கு உரியவை என்பதால், தேய்மானம் எப்படியிருந்தாலும் அவற்றை விட முடியவில்லை. சுமைவண்டிக்கு உரிய 195ஆர்14சி வகை நான்கையும் போட்டோம். பிரேக் 5,400. குளிர்விப்பு 4,300. ஸ்டீயரிங், பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் சேர்த்து 3,600. எஞ்சினுக்கு, அதாவது முதலில் 24,000 கேட்கப்பட்ட அதே எஞ்சினுக்கு, டிபரன்ஷியல் எண்ணெயையும் சேர்த்து 1,900. சோதனைக் கட்டணமும் பதிவுச் செலவும் ஏறத்தாழ 1,000. கூட்டினால் 29,400. இதில் உரிமையாளரும் அவருடைய தம்பியும் தாங்களே செய்த கழற்றல், சுரண்டல், கழுவல் வேலைகளுக்குக் கூலி சேரவில்லை. அந்த உழைப்பு இல்லாமல் இந்தத் தொகைக்குள் வந்திருக்க முடியாது.

ஸ்க்ராப்யார்டிலிருந்து வாங்கியது விஸ்கஸ் கப்ளிங்கும் பின் விளக்குகளும் மட்டும்தான். பிரேக், ஸ்டீயரிங் தொடர்பான எதையும் பழையதாக வாங்குவதில்லை என்பது எங்கள் பட்டறை வழக்கம். வாங்கியவற்றுக்கு ரசீது கேட்டு வாங்கினோம். பழைய பொருள் விற்பனையை 2009-ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதிவுபெற்ற வியாபாரி ரசீது தரத் தயங்கமாட்டார், தயங்குபவரிடம் மலிவாக வாங்கியது யாருடைய வண்டியின் பாகம் என்று பிறகு கேள்வி வரலாம்.

வண்டி இன்னும் தந்தையின் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வர்தி சான்று கட்டாயம். அந்தச் சான்று 60 நாளுக்குத்தான் செல்லும். காலமானவரின் வண்டி என்றால், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்திலிருந்து பெறும் அதிகாரக் கடிதமும் வேண்டும். அது கைக்கு வர நாளாகலாம். ஆகையால் கடிதம் கைக்கு வந்த பிறகே வண்டியைச் சோதனைக்கு அனுப்பினோம். வரிசையை மாற்றிச் செய்து, சான்று காலாவதியாகி, மறுபடி பணம் கட்டியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

சோதனையில் முதல் முறை ஒரு குறை எழுதினார்கள்: கைப்பிரேக் ஒரு பக்கம் குறைவாகப் பிடிக்கிறது என்று. கேபிளின் உறைக்குள் துரு. வேறொரு கேபிள் வாங்காமல் எண்ணெய் விட்டு இழுத்து இழுத்துத் தளர்த்தியதில் தேறியது. அடுத்த ஆண்டு அதை மாற்றியாக வேண்டும். இரண்டாவது கியர் விழும்போது இன்னும் கரகரக்கிறது. கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஆனால் அதற்காகக் கியர்பாக்ஸை இறக்குவது இந்தப் பணத்தில் ஆகாது, கிளட்ச் தேயும் நாளில் எப்படியும் இறக்கத்தான் வேண்டும், அப்போது இரண்டையும் ஒரே கூலியில் முடிக்கலாம் என்று விட்டுவைத்தோம். பெயிண்ட் பற்றி உரிமையாளர் மறுபடி கேட்டார். கதவுகளின் அடிவிளிம்பில் துரு தொடங்கியிருக்கும் இடங்களை மட்டும் சுரண்டிப் பிரைமர் அடித்துக் கொடுத்தோம். வெள்ளை வண்டியில் சாம்பல் திட்டுகளாக அவை தெரிகின்றன. மிஞ்சிய 600 ராண்டில் 5 லிட்டர் கூலன்ட் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளும்படியும், குழாய்த் தண்ணீரை இனி ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினோம்.